லேப்டாப்பில் கோர்கள் குறைவாகக் காட்டுகிறதா? தேட வேண்டிய இடங்கள்

போன மாதம் அண்ணி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, "நாலு டேப் திறந்தாலே ஸ்டக் ஆகி நின்னுடுது தம்பி, கடையில ராம் மாத்தணும்னு சொல்றாங்க" என்றார். உள்ளே இருந்தது இன்டெல் ஐ5-8250யூ. 4 கோர், 8 த்ரெட் உள்ள ப்ராசஸர். (கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை.) கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தொட்டால், 8 இருக்க வேண்டிய லாஜிக்கல் ப்ராசஸர்ஸ் (அதாவது த்ரெட் எண்ணிக்கை) வரியில் 2 என்று இருந்தது. ராமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்களுக்கும் இப்படி இருந்தால், எதையும் மாற்றுவதற்கு முன் உங்கள் ப்ராசஸரில் உண்மையில் எத்தனை கோர் என்று பாருங்கள். முழு மாடல் எண்ணும் அதே டாஸ்க் மேனேஜரில் மேல் மூலையில் இருக்கும், அதைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் போதும். ஐ7 என்றாலே 4 கோர் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஐ7-7500யூவில் இருப்பது 2 கோர், 4 த்ரெட்தான். ஐ5-1235யூவில் 10 கோர் இருந்தும் த்ரெட் 12 மட்டுமே, ஏனென்றால் அதில் 2 பெரிய கோர்களுக்கு மட்டும்தான் ஹைப்பர்-த்ரெட்டிங் (ஒரு கோர் இரண்டு த்ரெட்டாக வேலை செய்வது) உண்டு, மற்ற 8 சிறிய கோர்களுக்கு இல்லை. டாஸ்க் மேனேஜர் காட்டும் எண் இதோடு பொருந்தினால் கோளாறு எதுவும் இல்லை, வேகம் குறைவதற்கு வேறு காரணம் தேடுங்கள். ரிசோர்ஸ் மானிட்டரில் சில கோர்கள் 'பார்க்டு' என்று காட்டுவதும் மின்சாரம் சேமிக்க விண்டோஸ் செய்வது, அதை விட்டுவிடலாம்.

எண் பொருந்தாவிட்டால் முதலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைப் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, பூட் டேபில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போனால் 'நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அண்ணி லேப்டாப்பில் அங்கே டிக் போட்டு 2 வைக்கப்பட்டிருந்தது, பூட் வேகமாகும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்துச் செய்ததாம். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். அந்தப் பெட்டி, டிரைவரும் மென்பொருளும் எழுதுகிறவர்கள் சோதனை செய்வதற்காக வைத்தது, டிக் இல்லாமலிருந்தாலே விண்டோஸ் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளும், டிக் போட்டால் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. அதனால் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்காமல் டிக்கையே எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'மேக்சிமம் மெமரி' டிக்கையும் எடுங்கள். அப்புறம் ஷட் டவுன் செய்து ஆன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள், ஏனென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அண்ணிக்கு இதோடு முடிந்தது, லாஜிக்கல் ப்ராசஸர்ஸ் வரியில் 8 வந்துவிட்டது.

அங்கே டிக் இல்லையென்றால் அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடி லேப்டாப்பை எழுப்பும் மென்பொருள். அதற்குள் போகும் முன் ஒரு வேலை: பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் மாற்றம் செய்ததும் விண்டோஸ் அதைக் கேட்டு நின்றுவிடலாம், கீ இல்லாவிட்டால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது. ஆன் செய்யும்போது பெரும்பாலும் எஃப்2 (எச்பியில் எஃப்10) அழுத்தி உள்ளே போய், மல்டி கோர் சப்போர்ட், கோர் மல்டி ப்ராசஸிங், ஆக்டிவ் ப்ராசஸர் கோர்ஸ், ஹைப்பர்-த்ரெட்டிங் போன்ற பெயர்களைத் தேடுங்கள், பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றும் புரியவில்லை என்றால் லோட் டிஃபால்ட்ஸ் கொடுத்து சேவ் செய்யுங்கள்.

இன்னும் சரியாகவில்லையா? கோளாறு விண்டோஸிலா, அதற்குக் கீழேயா என்று பிரித்துப் பார்க்க உபுண்டு (லினக்ஸ் வகைகளில் ஒன்று) ஏற்றிய பென்டிரைவ் ஒன்று போதும். நிறுவாமல் ட்ரை உபுண்டு கொடுத்து, டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளையை ஓட்டுங்கள். அங்கே எல்லாக் கோரும் தெரிந்தால் பழுது விண்டோஸ் பக்கம்.

லினக்ஸையே நிறுவி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. நிறுவும்போது திரை உறைந்தது என்று கிரப்பில் (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) ஏசிபிஐ=ஆஃப் (acpi=off) சேர்த்திருப்பார்கள், அது அப்படியே நிரந்தரமாகத் தங்கிவிடும். லேப்டாப் எப்போதும் ஒரே கோரில்தான் விழிக்கிறது. மற்ற கோர்கள் எவை என்ற பட்டியலை பயாஸ், ஏசிபிஐ (ஹார்டுவேர் விவரங்களை லினக்ஸுக்குச் சொல்லும் முறை) அட்டவணை ஒன்றில் எழுதி வைக்கும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைப் படித்து ஒவ்வொன்றாக எழுப்பும். ஏசிபிஐயை அணைத்தால் அந்தப் பட்டியலே கையில் கிடைக்காது. கிரப் அமைப்புக் கோப்பில் அந்தச் சொல்லையும், கோர்களைக் குறைக்கும் நோஎஸ்எம்பி (nosmp), மேக்ஸ்சிபியூஸ் (maxcpus) போன்றவை இருந்தால் அவற்றையும் நீக்கிவிட்டு, அப்டேட்-கிரப் (update-grub) கட்டளையை ஓட்டி ரீபூட் செய்யுங்கள். ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு மட்டும் கோர் குறைந்தால் அது வேறு, ரீபூட் செய்ததும் திரும்பிவிடும், கெர்னலையும் பயாஸையும் அப்டேட் செய்து பாருங்கள்.

பென்டிரைவிலும் கோர்கள் வரவில்லை, பயாஸிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு முயலுங்கள். பிறகு தயாரிப்பாளர் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான பயாஸை மட்டும் எடுத்து, சார்ஜர் செருகிய நிலையில் அப்டேட் செய்யுங்கள், நடுவில் அணைந்தால் போர்டே போய்விடலாம். அதற்கும் அசையாவிட்டால் ஹார்டுவேர்தான். மெல்லிய லேப்டாப்களில் ப்ராசஸர் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் தனியாக மாற்ற முடியாது. சர்வீஸுக்குப் போகும்போது டாஸ்க் மேனேஜர் ஸ்கிரீன்ஷாட்டையும் உபுண்டுவில் கிடைத்த விவரத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், ராம் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.