சுவரில் பூஞ்சணம்: செலவு யார் தலையில்?

மும்பையில் மழை பிடித்துக்கொண்டால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுக்கத் தொடங்கிவிடும். போன வருஷம் எங்கள் கொலு பொம்மைப் பெட்டிக்கே பூஞ்சணம் ஏறிவிட்டது. வாடகை வீடானால், துடைப்பதற்கு முன் தேதியோடு போட்டோ எடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்புங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. அந்த இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒருநாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் ஈரமானால், ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய்க் கசிவு, மேல்வீட்டு பாத்ரூம், வெளிச்சுவர் விரிசல். இதை வீட்டு உரிமையாளர்தான் பார்க்க வேண்டும். அறைப் பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை; ஜன்னலைத் திறந்து வைப்பது நம் பொறுப்பு.

மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் (1999), 14ஆம் பிரிவுப்படி, 15 நாள் நோட்டீஸ் கொடுத்தும் உரிமையாளர் பழுது பார்க்காவிட்டால், வாடகைதாரர் தானே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆண்டு வாடகையில் கால் பங்கு வரைதான். ஆனால் நம்மில் பலர் போடுவது 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ்; அதாவது வாடகைதாரர் உரிமை தராமல், தங்க அனுமதி மட்டும் தரும் ஒப்பந்தம். அதற்கு இந்தப் பிரிவை நம்பி இருக்காதீர்கள். கசிவுப் பழுது உரிமையாளர் செலவு என்று கையெழுத்துக்கு முன்பே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.