ஷட்டரில் எண்ணெய் விடாதீர்கள்: பழைய கேமராவைப் பிரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

பிரிக்கும்போது படிக்குப் படி போட்டோ எடு, ஸ்க்ரூக்களைத் தனித்தனிக் கிண்ணத்தில் போடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுவோம். புதிதாகக் கேமராவில் கை வைக்கும் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப விழும் குழிகள் வேறு.

ஷட்டருக்குள் எண்ணெய்

பழைய கேமராக்களைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். காம்பர், பிரான்டர், கோப்பால் போன்ற லீஃப் ஷட்டர்கள் (லென்ஸுக்குள் மெல்லிய பிளேடுகள் திறந்து மூடும் வகை) பல வருடம் சும்மா கிடந்தால் ஒரு விநாடி, அரை விநாடியில் இழுத்துக்கொண்டு நிற்கும். உடனே துரு நீக்கும் ஸ்ப்ரேயை எடுத்து உள்ளே அடிக்கிறார்கள். ஷட்டர் அந்த நிமிடமே ஓடிவிடும். வினையே அதில்தான் இருக்கிறது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் காய்ந்த கிரீஸை இளக்கிவிட்டு ஆவியாகிறது, எண்ணெய் தங்கிவிடுகிறது. கொஞ்ச நாளில் அது பிளேடுகளுக்கு இடையே பரவி, ஈரக் கண்ணாடித் தகடுகள் இரண்டைப் போல அவற்றை ஒட்டிவிடும். பிளேடுகள் காய்ந்த நிலையில் ஓடுவதற்கென்றே ஷட்டரின் ஸ்பிரிங் கணக்கிடப்பட்டது. ஒட்டிய பிளேடுகளைப் பிரிக்கும் பலம் அதற்கில்லை. இப்படி வந்த ஷட்டரின் பிளேடுகளை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் தெரியும். போதாததற்கு, எண்ணெய் லென்ஸின் உட்புறத்திலும் மெல்லிய புகை போலப் படிந்திருக்கும். அரை மணி வேலை முழு ஷட்டரையும் பிரிக்கும் வேலையாகிவிடும்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். 1/100 விநாடியில் ஒழுங்காக ஓடி, மெதுவான வேகங்களில் மட்டும் தொங்கினால் பிளேடுகள் மீது தப்பில்லை. மெதுவேகப் பல்சக்கரத் தொகுதியில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. எல்லா வேகத்திலும் திறந்தபடி நின்றாலோ, திறக்கவே மறுத்தாலோ பிளேடுகளில் பிசுக்கு.

முன், பின் லென்ஸ் தொகுதிகளைக் கழற்றாமல் எந்தத் திரவத்தையும் உள்ளே விடாதீர்கள். முன்லென்ஸைச் சுழற்றி ஃபோகஸ் செய்யும் கேமராவென்றால், கழற்றும் முன் அதன் நிலையைக் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். முன்மூடியைத் திறந்து, பல்சக்கர அச்சுகளின் முனைகளில் ஊசி வைத்த சிரிஞ்சால் ஒன்றிரண்டு சொட்டு நாஃப்தா (சிகரெட் லைட்டர் திரவம்) விடுங்கள். ஒரு விநாடி வேகத்தில் இருபது முறை ஓட்டுங்கள். இளகி வரும் அழுக்கை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் விடுங்கள். பிளேடுகளை மூடிய நிலையில் நாஃப்தா தொட்ட பஞ்சுக்குச்சியால் இருபுறமும் துடையுங்கள். குச்சி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும். ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இதழ்களுக்கும் அதே வைத்தியம். ஓர் இரவு காயட்டும். நாஃப்தா சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது.

எண்ணெய் கட்டாயம் வேண்டுமென்றால் கைக்கடிகார எண்ணெய், ஊசிமுனையில் ஒட்டும் அளவு, பல்சக்கர அச்சுகளுக்கு மட்டும். பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது.

செல்ஃப் டைமர்

இதன் லீவரை இழுக்காதீர்கள். பாதியில் நின்றால் ஷட்டர் முழுதும் பூட்டிக்கொள்ளும்.

வேகம் மாற்றும் வரிசை

சோவியத் காலத்து ஸோர்க்கி, ஃபெட் கேமராக்களில் ஷட்டரை ஏற்றிய (ஸ்பிரிங்கை முறுக்கித் தயாராக்கிய) பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். பழைய காம்பர் ரேபிட்டில் நேர்மாறு: 1/500 வேண்டுமென்றால் ஏற்றும் முன்பே வைத்துவிட வேண்டும், அந்த வேகத்துக்கென்று கூடுதல் ஸ்பிரிங் ஒன்று உண்டு. ஏற்றிய பின் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் உள்ளே ஏதாவது உடையும்.

ஸ்க்ரூ தலைகள்

ஜப்பானியக் கேமராக்களின் கூட்டல்குறி ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை. பிலிப்ஸ் முனை அவற்றில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலேறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனைகள் ஒரு செட் வாங்கிவிடுங்கள். வைண்டிங் லீவரின் மூடி சில மாடல்களில் இடப்புரி. அசையவில்லையென்றால் பலத்தைக் கூட்டாமல் எதிர்த்திசையில் மெல்ல முயன்று பாருங்கள்.

ஹெலிகாய்ட்

ஃபோகஸ் செய்ய லென்ஸை முன்பின் நகர்த்தும் புரிவளையங்கள் இவை; பிரிந்து வரும் அந்த நொடியில் இரு வளையங்களிலும் குறி போடுங்கள். இதில் பல தொடக்கப் புரிகள் உண்டு. தவறான புரியில் ஏற்றினால் எத்தனை சுற்றினாலும் இன்ஃபினிட்டி (வெகுதூரக் காட்சியின் ஃபோகஸ்) கிடைக்காது.

மெர்குரி பேட்டரிக்கு ஆல்கலைன்

பிஎக்ஸ் 625 என்ற பழைய மெர்குரி பேட்டரி தந்தது 1.35 வோல்ட். அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட் தருகிறது, தீரத்தீர இறங்கவும் செய்கிறது. வோல்டேஜைச் சரிக்கட்டும் சுற்று இல்லாத ஒளி மீட்டர்கள் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டு போகும். காதுக்கருவிக்கான 675 ஜிங்க் ஏர் பேட்டரி ஏறக்குறைய சரியான வோல்டேஜ் தரும். சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு வளையம் வைத்து இறுக்க வேண்டும்.

எஸ்எல்ஆர் கண்ணாடி

லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நின்று காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடியைத் துடைக்காதீர்கள். ஊதுபந்தால் ஊதுங்கள், போதும்.

பிசுபிசுத்த ஃபோம்

கண்ணாடி மேலே மோதும் இடத்திலுள்ள ஃபோம் பழுத்துத் தார் போல ஆகியிருக்கும். அதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எடுக்கும்போது லென்ஸ் வாய் கீழே பார்க்கும்படி கேமராவைப் பிடியுங்கள். இல்லையென்றால் கரைந்த பிசுக்கு பக்கத்திலுள்ள ஃபோகசிங் ஸ்க்ரீனில் (காட்சி விழும் திரையில்) வழியும்; அது பெரும்பாலும் பிளாஸ்டிக், அதிலுள்ள நுண்வரிகளுக்குள் போனதை எடுக்க முடியாது. புது ஃபோம் பழையதன் தடிமனிலேயே இருக்கட்டும். தடித்துப் போனால் கண்ணாடி முழுதாக மேலேறாது, சில கேமராக்களில் ஷட்டரும் அங்கேயே சிக்கும்.