வெல்டிங் லொறிக்குத் தீயணைப்பான் எடுப்பது எப்படி: வயலுக்குள் போகிறவர்களுக்கு

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் நடமாடும் வெல்டிங் என்றால் ஒரு பட்டா லொறிதான், சின்ன லொறி. பின்பெட்டியில் ஜெனரேற்றர், வெல்டிங் பிளாண்ட், ஒட்சிசன் ஒன்று, அசெற்றிலீன் ஒன்று, கிறைண்டர் இரண்டு, ஒரு கான் பெற்றோல். காலையில் களுவாஞ்சிகுடியில் ஒரு வீட்டு கேற், பின்னேரம் வெல்லாவெளிப் பக்கம் வயலுக்குள் நிற்கிற நெல் வெட்டு மெஷின். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பிளாண்ட் எத்தனை அம்பியர் எடுப்பது என்று கேட்பார்கள். தீயணைப்பான் எது எடுப்பது என்று கேட்பவர் குறைவு. நானும் கேட்காமல்தான் தொடங்கினேன்.

முதலில் வாங்கியது காருக்கு வைக்கிற 1 கிலோ சிவப்புப் போத்தல். “எல்லா நெருப்புக்கும் இது போதும்” என்றார் கடைக்காரர். அதைக் கொண்டுவந்து கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் செருகிவிட்டு மறந்துவிட்டேன். அப்புறம் ஒரு சிறுபோக வெட்டுக் காலம், கச்சான் காற்று அனலாக அடித்த நாள். வெட்டு மெஷினின் முன்பக்கத்தில் வளைந்துபோன ஒரு தாங்கியை கேஸால் வெட்டிக்கொண்டிருந்தேன். உருகிய இரும்புத் துளி கீழே கிடந்த கூளத்தில் விழுந்திருக்கிறது. கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் எனக்கு அது தெரியவில்லை. வயல்காரர் போடியார்தான் சத்தம் போட்டார். லொறிக்கு ஓடி, சிலிண்டர்களுக்கு மேலால் ஏறி, போத்தலை இழுத்தெடுத்து வந்து அடித்தேன். எண்ணிப் பத்துக்குள் தீர்ந்துவிட்டது. சுவாலை அடங்கியது, ஆனால் நான் நிமிர்வதற்குள் கூளத்துக்கு அடியிலிருந்து மறுபடி புகை. “மனே, உன்ட போத்தல் முடிஞ்சிது, இனி நான் பாக்கிறன்” என்று அவர் மருந்தடிக்கிற டாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். அன்று அதில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. ஒருவர் மண்வெட்டியால் கிளற, அவர் அடித்துக்கொண்டே போனார். பத்து நிமிடத்தில் அணைந்தது.

அன்று நான் விட்ட பிழை, லொறிக்கென்று தீயணைப்பான் வாங்கியது. லொறி போய் நிற்கிற இடத்துக்கென்று வாங்கியிருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு யோசனையில் இருந்து வந்தவை.

படி 1: எரியக்கூடியதை எழுதுங்கள்

ஒரு கொப்பித் தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒரு பக்கம் லொறியில் இருப்பது: பெற்றோல், டீசல், எண்ணெய்ச் சீலை, கேஸ் ஹோஸ், வயர், பற்றரி, ரயர். மற்றப் பக்கம் கடந்த மாதம் நீங்கள் போய் வேலை செய்த இடங்களில் காலடியில் கிடந்தது. எனக்கு வந்த பட்டியல்: வைக்கோல், உமி, ஆலையின் தவிட்டுத் தூசி, கிடுகு வேலி, காய்ந்த இலுக்குப் புல், வாழைச்சேனைப் பக்கம் பைபர் கிளாஸ் படகும் வலையும். இரண்டாவது பத்திதான் நீளமாக வரும். வீட்டு கேற், யன்னல் கிறில் மட்டும் செய்கிறவருக்கு அது சின்னதாக இருக்கும். அவருக்கு நான் சொல்வதில் பாதி தேவைப்படாது.

படி 2: போத்தலில் உள்ள எழுத்தை வாசியுங்கள்

எந்த நெருப்புக்கு ஆகும் என்பதை எழுத்துச் சொல்லும். ஏ என்றால் மரம், வைக்கோல், துணி போன்ற திண்மங்கள். பி என்றால் பெற்றோல், டீசல், பெயின்ற் போன்ற திரவங்கள். இந்த இரண்டும் எல்லா முறையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குழப்பம் சி-யில் வருகிறது. பிரித்தானிய, ஐரோப்பிய முறையில் சி என்பது எரிவாயு. அமெரிக்க முறையில் சி என்பது மின்சாரம் பாய்கிற பொருள். அங்கே எரிவாயுவும் பி-க்குள் அடங்கும். ஆகவே எழுத்தோடு அருகில் உள்ள படத்தையும் பாருங்கள். டி என்பது மக்னீசியம் போன்ற உலோகத் தீ. அதற்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு வாளி காய்ந்த மணல் லொறியில் இருந்தால் எங்கள் அளவுக்கு அது போதும்.

நிறமும் உதவும். பிரித்தானிய முறைப்படி வருகிற சிவப்புச் சிலிண்டரில் நீலப் பட்டி இருந்தால் உள்ளே தூள், கறுப்பு என்றால் காபனீரொட்சைட்டு, கிறீம் நிறம் என்றால் நுரை. பட்டியே இல்லாமல் முழுச் சிவப்பு என்றால் தண்ணீர். வேறு நாடுகளில் இருந்து வருபவற்றில் இந்தப் பட்டி இல்லாமலும் இருக்கும், அப்போது எழுத்துத்தான் சாட்சி.

படி 3: வகையைத் தெரிவு செய்யுங்கள்

முதல் தீயணைப்பான் ஏபிசி தூளாக இருக்கட்டும். பெற்றோல், எண்ணெய், ஹோஸ், மின்சாரம், மேலோட்டமான வைக்கோல் என்று லொறியைச் சுற்றி எது பிடித்தாலும் முதல் அடிக்கு அது நிற்கும். அதில் உள்ள தூள் பெரும்பாலும் மொனோ அமோனியம் பொஸ்பேற்று. சூட்டில் உருகித் தணலின் மேல் ஒரு தோல் போலப் படிவதால்தான் திண்மத்திலும் வேலை செய்கிறது. பிசி தூள் என்று இன்னொன்று உண்டு. அது சோடாத் தூள் வகை. அப்படிப் படியாது, வைக்கோலுக்கும் மரத்துக்கும் உதவாது. கடையில் இரண்டும் ஒரே சிவப்பில் பக்கம் பக்கமாக நிற்கும். ஏ என்ற எழுத்து இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தூளுக்குக் குறை இல்லாமல் இல்லை. வெல்டிங் பிளாண்டின் உள்ளே போனால் மின்சுற்றுப் பலகையை அரித்துவிடும். பிளாண்ட் போனால் போகட்டும், லொறி மிஞ்சும் என்பது என் கணக்கு. இன்னொரு குறை பெரியது: தூள் சுவாலையை வெட்டும், சூட்டை ஆற்றாது. அடுக்கிக் கிடக்கிற வைக்கோலின் உள்ளே தணல் உயிரோடு இருக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

அதனால் வயலுக்குப் போகிறவர் இரண்டாவதாகத் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். 9 லீற்றர் தண்ணீர்த் தீயணைப்பான் கிடைத்தால் நல்லது. நான் வைத்திருப்பது புதிய 16 லீற்றர் மருந்தடிக்கிற டாங்கி. கைப்பம்பு, முதுகில் போட வார், நுனியில் தூவுகிற மூக்கு. வைக்கோல் தணலுக்கு அதைவிட இதமான சாமான் நான் கண்டதில்லை. தண்ணீர் வீணாகாமல், கிளறிக் கிளறி ஒவ்வொரு தணலாக அடிக்கலாம். ஒரே நிபந்தனை: அதில் ஒரு நாளும் மருந்து போடக்கூடாது. நான் சிவப்புப் பெயின்ற் அடித்து “தண்ணி மட்டும்” என்று எழுதியிருக்கிறேன். பெற்றோலுக்கும் மின்சாரத்துக்கும் இதைத் தூக்கவே வேண்டாம். பெற்றோல் தண்ணீரில் மிதந்து இன்னும் பரவும்.

காபனீரொட்சைட்டு அழகான சாமான்தான், ஒரு தூசும் மிஞ்சாது. ஆனால் அதன் வாயு இரண்டு மீற்றர் தள்ளிப் போவதே கஷ்டம், கச்சான் காற்றில் நெருப்புக்குப் போய்ச் சேராது. வைக்கோலை ஆற்றவும் மாட்டாது. மூடிய பட்டறைக்குள் மின்பலகைக்கு வையுங்கள், லொறிக்கு வேண்டாம். நுரை, எண்ணெய்த் தொழில் செய்கிறவர்களுக்கு.

படி 4: அளவு

எழுத்துக்கு முன்னால் ஒரு எண் இருக்கும், உதாரணமாக 13ஏ 70பி. ஐரோப்பிய முறையில் 13ஏ என்றால் 1.3 மீற்றர் நீள மரக்கட்டை அடுக்கை அணைத்துக் காட்டியது என்று பொருள். 70பி என்றால் ஒரு தட்டில் 70 லீற்றர் ஊற்றிக் கொளுத்திப் பார்த்திருக்கிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். கிலோவைவிட இந்த எண்தான் உண்மையைச் சொல்லும். ஒரே 2 கிலோவில் இரண்டு கொம்பனிக்கு இரண்டு எண் இருக்கும்.

1 கிலோ போத்தல் எட்டுப் பத்து செக்கனில் தீரும். சோதனை செய்தவர் பயிற்சி பெற்றவர், உங்கள் கை நடுங்கும், பாதித் தூள் காற்றோடு போகும். ஆகவே பின்பெட்டிக்கு 6 கிலோ ஒன்று, சாரதிப் பக்கத்தில் 2 கிலோ ஒன்று. 6 கிலோவின் மொத்தப் பாரம் ஒன்பது பத்து கிலோ வரும். உங்களோடு வருகிற பொடியன் அதைத் தூக்கி ஓடக்கூடியவனா என்று கடையிலேயே தூக்கச் சொல்லிப் பாருங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் 6 கிலோவை எடுங்கள்.

படி 5: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

அழுத்தம் காட்டுகிற கேஜின் முள் பச்சைக்குள் நிற்க வேண்டும். பிடியில் செருகிய பின் (ஊசி) நேராக, அதைக் கட்டிய சீல் அறுபடாமல் இருக்க வேண்டும். உற்பத்தி ஆண்டைத் தேடுங்கள், அடியிலோ கழுத்திலோ அடித்திருப்பார்கள். மேலே புதுப் பெயின்ற், அடி விளிம்பில் துரு என்றால் அது பழைய சிலிண்டர். ஹோஸ் உள்ளதாக எடுங்கள். மூக்கு நேரே வால்வில் இருப்பதை மெஷினுக்கு அடியில் திருப்பி அடிக்க முடியாது. கடைசியாக ஒரு கேள்வி: “திரும்ப நிரப்பித் தருவீங்களா?” இல்லையென்றால் விலை குறைவாக இருந்தாலும் வேறு கடை பாருங்கள்.

படி 6: எங்கே பூட்டுவது

என் பழைய போத்தல் கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் இருந்தது. நெருப்பு அந்த ஹோஸில் பிடித்திருந்தால் எட்டியே இருக்க மாட்டேன். விதி இதுதான்: தரையில் நின்றபடி, பெட்டிக்குள் ஏறாமல், நெருப்பைத் தாண்டாமல் கை எட்ட வேண்டும். என்னுடையது இப்போது பின்பெட்டியின் இடது மூலையில், வெளிப்பக்கமாக. கேஸ் வலது முன்மூலையில். லொறியை எப்படி நிறுத்தினாலும் ஒன்று நெருப்புக்கு மறுபக்கத்தில் இருப்பதற்குத்தான் இரண்டு இடம்.

சிலிண்டரோடு வருகிற சுவர்க் கொக்கி லொறிக்கு ஆகாது. பள்ளம் மேட்டில் கழன்று விழும். இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டியும் ஒரே இழுப்பில் திறக்கிற கொளுக்கியும் வேண்டும். நாம் வெல்டிங்காரர், இதைக் கூட வாங்கத் தேவையில்லை. அடியில் ஒரு றப்பர் துண்டு, 25 மில்லிமீற்றர் பட்டை இரும்பு, ஒரு மணித்தியால வேலை. தயவுசெய்து தீயணைப்பானின் உடம்பில் எதையும் ஒட்ட வேண்டாம், உள்ளே அழுத்தம் இருக்கிறது. அநேகமானவை 60 பாகை வரைதான் தாங்கும் என்று அடித்திருக்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய கபினுக்குள் கண்ணாடிக்கு அருகில் வைக்காமல் இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

படி 7: வேலை தொடங்க முன்

டோர்ச்சைக் கொளுத்த முன் 6 கிலோவையும் தண்ணீர் டாங்கியையும் இறக்கி, காற்று வருகிற பக்கமாக, நீங்கள் நிற்கும் இடத்தில் இருந்து நாலைந்து எட்டுத் தூரத்தில் வையுங்கள். பொறி பறக்கிற தூரத்துக்கு வெல்டிங் பாதுகாப்பு விதிகளில் சொல்வது 11 மீற்றர். வயலில் அவ்வளவும் துப்புரவாக்க முடியாது. மெஷினுக்கு அடியில் உள்ள கூளத்தை இழுத்து, மண்ணை நனைத்து, மீதிக்கு ஒருவரைக் காவலுக்கு விடுங்கள். கண்ணாடி போட்டவருக்கு நெருப்புத் தெரியாது, இது சத்தியம். வேலை முடிந்தபின் குறைந்தது அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள். போடியார் தேத்தண்ணி தருவார், அவசரப்பட வேண்டாம்.

அடிக்கும் முறை: பின்னை இழு, காற்றை முதுகில் எடு, இரண்டு மூன்று மீற்றரில் நின்று சுவாலையின் அடியைக் குறிவை, அமத்திப் பிடித்து இடம் வலமாக வீசு. சுவாலையின் தலையில் அடித்தால் தூள் மட்டும் செலவாகும்.

கேஸ் எரிந்தால் கணக்கு வேறு. முதலில் வால்வைப் பூட்டுங்கள். கேஸ் நின்றால் நெருப்புத் தானாக நிற்கும். வால்வை மூடாமல் சுவாலையை மட்டும் தூளால் அணைத்தால் கேஸ் வந்துகொண்டே இருக்கும். அது பெட்டிக்குள் தேங்கி நின்று அடுத்த பொறியில் வெடிக்கும். அதனால் அசெற்றிலீன் சாவியை எப்போதும் வால்விலேயே விடுங்கள், தோல் கையுறை பக்கத்தில் இருக்கட்டும். சிலிண்டரின் உடம்பே சூடாகிவிட்டதென்றால் தீயணைப்பானை விட்டுவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு 200 மீற்றர் தள்ளிப் போய் 110-க்கு அழையுங்கள். அசெற்றிலீன் வெளியே நெருப்பு அணைந்தபின்னும் உள்ளுக்குள் பிரிந்து சூடேறிக்கொண்டு இருக்கலாம். வாகரைக்கோ பொத்துவில் பக்கத்து வயலுக்கோ தீயணைப்பு வண்டி வந்து சேர நேரம் எடுக்கும், ஆனாலும் கிட்டப் போக வேண்டாம்.

படி 8: பராமரிப்பு

லொறியின் குலுக்கலில் தூள் அடியில் இறுகும். மாதம் ஒருமுறை பட்டியைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, தூள் நழுவுவது கையில் தெரியும்வரை ஆட்டுங்கள். கேஜைப் பாருங்கள். மூக்கில் குளவி கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். சிரிக்க வேண்டாம், எனக்கு இரண்டு தடவை கட்டியது. கடற்கரைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் அடி விளிம்பைத் துடைத்து வையுங்கள், உப்புக் காற்று அங்கேதான் பிடிக்கும். வருடம் ஒருமுறை தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். பிரித்தானிய முறையில் தூளுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்புவார்கள். தண்ணீர் டாங்கியை ஒவ்வொரு காலையும் நிரப்பி, ஒரு தடவை அடித்து மூக்கு அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு செக்கன் அமத்தினாலும் அது பாவித்த சிலிண்டர்தான். வால்வின் இருக்கையில் ஒரு நுள்ளுத் தூள் நின்றால் போதும், தூளைத் தள்ள உள்ளே அடைத்திருக்கிற நைதரசன் வாயு இரவோடிரவாகக் கசிந்து முள் சிவப்புக்கு வந்துவிடும். நிரப்பக் கொடுக்கும்வரை அதை லொறியில் திருப்பி மாட்டாமல் வீட்டில் கழற்றி வையுங்கள். மாட்டி இருந்தால் அவசரத்தில் கை அதற்குத்தான் போகும்.