'சரிங்க மிஸ்' என்றால் நம்பிவிடாதீர்கள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பக்க ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வரும் நர்ஸ்மார் முதலில் ஏமாறுவது இந்த வார்த்தையில்தான். சிங்களமும் அரைகுறைத் தமிழும் கலந்து மருந்து குடிக்கும் முறையைச் சொல்லிவிட்டு, "விளங்கிச்சா?" என்போம். தோட்டத்து அம்மா தலையை ஆட்டி, "சரிங்க மிஸ்" என்பார். அது மரியாதைக்குச் சொல்வது. விளங்கியதா என்று தெரிய வேண்டுமானால், "வீட்டுக்குப் போய் எந்தக் குளிசையை எப்பக் குடிப்பீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள்.

சரி, விளங்கியும் குடிக்காவிட்டால்? உடனே 'சொன்னால் கேட்காத சனம்' என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. நானும் கட்டியிருக்கிறேன். பிரஷருக்காக, சிறுநீர் அதிகம் போகவைக்கும் குளிசை வாங்கிய ஓர் அம்மாவுக்கு ஒவ்வொரு கிளினிக்கிலும் பிரஷர் ஏறியே இருந்தது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டேன். "காலையில குடிச்சிட்டு மலைக்குப் போனா, கொழுந்து எடுக்கிற எடத்தில கக்கூசு ஏது மிஸ்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடித்திருக்கிறார். வேலை விட்டு வந்தபின் குடிக்கும்படி டொக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார்.

கூட வந்த பள்ளிக்கூடப் பையனை மொழிபெயர்க்க நிறுத்தவே வேண்டாம். மகனை நடுவில் வைத்து மாதவிலக்கைப் பற்றிக் கேட்டால் அம்மாவும் பிள்ளையும் சுவரைத்தான் பார்ப்பார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. வார்டில் தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடிப்பது என்னவோ இன்னும் நம் தலையில்தான். பேசத் தெரிந்தாலும் சில சொற்கள் காலை வாரும். சிங்களத்தில் 'தாத்தா' என்றால் அப்பா. "தாத்தாவுக்குச் சீனி வருத்தம்" என்று தமிழில் சொன்னதை அப்படியே எழுதினால் ஒரு தலைமுறையே மாறிப்போகும்.

"நீங்க இந்தியாதானே?" என்றும் பேச்சை எடுக்காதீர்கள். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கியது 1820களில். முன்னால் இருப்பவரின் பாட்டியே இங்கே பிறந்தவராக இருக்கலாம்.

அப்புறம் பத்தியம். பிள்ளை பெற்றவள் பூண்டும் மிளகும் சேர்த்துச் சாப்பிட்டால் நமக்கென்ன? தண்ணீரைக் குறைத்தால், காய்கறியை ஒதுக்கினால் மட்டும் பேசுங்கள், அதுவும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது. அதற்காகத் தோட்டத்தில் போய்த் தேத்தண்ணியை நிறுத்தச் சொன்னால் சிரிப்பார்கள். இரவு படுக்கப் போகும்போது தேசிக்காய்த் தண்ணீரோடு குடிக்கச் சொல்லுங்கள்.