மதுரைப் பாதமும் மாறிப்போன அடையாளங்களும்: நுண்ணுயிரிகளை வகைப்படுத்தும்போது சறுக்கும் இடங்கள்

மதுரையின் பெயரைச் சுமந்துகொண்டு இரண்டு நுண்ணுயிரிகள் இருக்கின்றன. ஒன்று ஆக்டினோமதுரா மதுரே, இன்னொன்று மதுரெல்லா மைசிட்டோமாட்டிஸ். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்கு முள் குத்திய இடத்தில் மெதுவாக வீங்கி, பல கண் வைத்து, சீழோடு சிறுமணிகள் வெளிவரும் ஒரு நோய் உண்டு. 1842இல் கில் என்பவர் மதுரையில் பார்த்து எழுதியதால் உலக மருத்துவ நூல்களில் அதற்கு 'மதுரா ஃபுட்' என்றே பெயர். மேலே சொன்ன இரண்டும் அந்த நோயை உண்டாக்குபவை. அதே கால், அதே வீக்கம், அதே மணிகள். ஆனால் முதலாவது பாக்டீரியா, இரண்டாவது பூஞ்சை. முதலாவதுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்கும். இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் பூஞ்சைக்கொல்லி மாத்திரையும், பல நேரம் அறுவைச் சிகிச்சையும் வேண்டும். மாற்றிக் கணித்தால் காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

வகைப்படுத்துவதில் வரும் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான். இது என்ன உயிரி, உடம்பில் எங்கே தாக்குகிறது, எப்படி வந்து சேர்கிறது என்று மூன்று தனித்தனிக் கேள்விகள் உள்ளன. ஒன்றின் விடையை எடுத்து இன்னொன்றின் கட்டத்தில் எழுதிவிடுகிறோம்.

பெயரை நம்பி ஏமாறுவதுதான் இதில் முதலிடம். 'மைக்கோ' என்றால் கிரேக்கத்தில் பூஞ்சை. அதை மனப்பாடம் செய்த மாணவர்கள் காசநோயைக் கொண்டுபோய்ப் பூஞ்சைப் பட்டியலில் வைப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். காசநோயைத் தரும் மைக்கோபாக்டீரியமும், அதேபோன்ற பெயருள்ள மைக்கோபிளாஸ்மாவும் பாக்டீரியாக்களே. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. அதனால் செல்சுவரை உடைக்கும் பெனிசிலின் அதனிடம் பலிக்காது. ஆங்கிலத்தில் படர்தாமரைக்கு 'ரிங்வோர்ம்' என்று பேர், அதில் புழுவே இல்லை, அது பூஞ்சை. இந்த ஒரு விஷயத்தில் நம் பெயர் எவ்வளவோ மேல்.

ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே என்ற பெயரைப் பார்த்தால் யாருக்கும் ஃப்ளூதான் நினைவுக்கு வரும். 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் ஃப்ளூ நோயாளிகளிடம் இந்தப் பாக்டீரியாவைக் கண்டு, இதுதான் காரணம் என்று அறிவித்துவிட்டார். மனிதர்களைத் தாக்கும் ஃப்ளூ வைரஸ் பிடிபட்டது 1933இல்தான். தவறு திருத்தப்பட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கைக்குழந்தைகளுக்குப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியில் இருக்கும் 'ஹிப்' இந்தப் பாக்டீரியாவின் ஒரு வகைக்கு எதிரானது. அது மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தடுக்கும், ஃப்ளூவைத் தடுக்காது.

டைபாய்டு, டைபஸ் குழப்பம் இதைவிட ஆபத்தானது. டைபாய்டு சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. அசுத்தமான உணவும் தண்ணீரும் வழி. டைபஸ் வேறு கூட்டம். தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் ஸ்க்ரப் டைபஸுக்குக் காரணம் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா; புதர்களில் இருக்கும் உண்ணி போன்ற சிறு பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் துணி இறுக்கும் இடம் என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும். ஓரியன்ஷியா செல்லுக்கு உள்ளேதான் வாழும்; சாதாரண கல்ச்சரில், அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளராது. 'கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை, அப்போ வைரஸ் காய்ச்சல்தான்' என்று முடிவுகட்டினால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கக்கூடிய ஒரு பாக்டீரியாவைக் கோட்டை விட்டுவிடுவோம்.

அடுத்தது மைக்ரோஸ்கோப். கண்ணால் பார்த்ததுதானே, அது எப்படிப் பொய்யாகும் என்று கேட்பவர்கள் தங்கள் முதல் கிராம் சாயத்தை மறந்திருப்பார்கள். பாக்டீரியாக்களுக்கு நிறமேற்றி இரண்டு வகையாகப் பிரிக்கும் சோதனை அது. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படையில் அதேதான். ஸ்லைடில் மெல்லியதாகப் பூசிய மாதிரியை (ஸ்மியர்) சூட்டில் ஒட்டவைத்து, கிரிஸ்டல் வயலட் ஊற்றி, அயோடின் ஊற்றி, ஆல்கஹாலால் நிறம் நீக்கி, கடைசியில் சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். ஊதா நிறம் நின்றால் கிராம் பாசிட்டிவ், கழுவிப்போய் இளஞ்சிவப்பானால் நெகட்டிவ். பெரும்பாலான தப்பு அந்த ஆல்கஹாலில்தான் நடக்கும். சில நொடி கூடினால் பாசிட்டிவும் சிவந்துவிடும்.

படிக்கும் காலத்தில் ஒருநாள் 'கிராம் நெகட்டிவ் கோக்கை, கொத்துக் கொத்தாக' என்று எழுதிக் கொடுத்தேன். கோக்கை என்றால் உருண்டை வடிவ பாக்டீரியாக்கள், ஒருமையில் கோக்கஸ். சீனியர் அக்கா ஸ்லைடைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, ஆல்கஹால் ஊத்துனியா, இல்ல குளிப்பாட்டுனியா? கொத்தா இருக்குற கோக்கஸ் செவப்பா வந்தா ஒனக்கே சந்தேகம் வரவேண்டாமா?" அது கிராம் பாசிட்டிவான ஸ்டஃபிலோகாக்கஸ். அன்றிலிருந்து சோதிக்கும் மாதிரிக்கு இருபக்கமும், அதே ஸ்லைடில், இன்னதென்று முன்பே தெரிந்த ஸ்டஃபிலோகாக்கஸ் ஒரு பொட்டும் கிராம் நெகட்டிவான ஈ.கோலை ஒரு பொட்டும் வைத்துத்தான் சாயமிடுகிறேன். ஒன்று ஊதாவாகவும் மற்றது சிவப்பாகவும் வராவிட்டால் நடுவில் இருப்பதைப் படிக்கவே கூடாது. பழைய கல்ச்சரும் இப்படி ஏமாற்றும். செல்சுவர் தளர்ந்துபோன பாசிட்டிவ் பாக்டீரியா நிறத்தை விட்டுவிடும்.

ஸ்டஃபிலோகாக்கஸா ஸ்ட்ரெப்டோகாக்கஸா என்று பிரிக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு போதும். நுரைத்தால் முதலாவது. ஆனால் பிளட் அகார் என்ற ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டிலிருந்து காலனியை (பாக்டீரியாக் குவியலை) எடுக்கும்போது கீழிருக்கும் ரத்தத்தையும் சுரண்டிவிட்டால் சிவப்பணுவில் இருக்கும், பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியே நுரையைக் கிளப்பிவிடும். காலனியின் தலையை மட்டும் மரக்குச்சியால் தொட்டெடுக்க வேண்டும்.

நம் பேச்சுவழக்கு வைக்கும் பொறிகள் தனி. 'அம்மை' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வைரஸ் குடும்பங்கள் அடங்கிக் கிடக்கின்றன. 1980இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பெரியம்மை பாக்ஸ் குடும்பம். சின்னம்மை அதன் தம்பி அல்ல, ஹெர்ப்பிஸ் குடும்பம். தட்டம்மை வேறொரு குடும்பம். மாறாக, சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் அக்கி, சின்னம்மையின் அதே வைரஸ்தான். நரம்பு முடிச்சில் பல்லாண்டு பதுங்கியிருந்து பிறகு தலைகாட்டுகிறது. மஞ்சள் காமாலை நோயே அல்ல, அறிகுறி. கல்லீரலைத் தாக்கி அதைக் கொண்டுவரும் ஹெப்படைட்டிஸ் வைரஸ்கள் ஏ, பி, சி, ஈ என்று எழுத்து வரிசையாக இருப்பதால் அண்ணன் தம்பிகள் என்று நினைக்க வேண்டாம். நான்கும் நான்கு வைரஸ் குடும்பம். ஏயும் ஈயும் தண்ணீர் வழியாக, பியும் சியும் ரத்தம் வழியாக. இதுபோக எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும், அதற்குக் காரணம் பாக்டீரியா.

கொசுவை வைத்துப் பிரிப்பதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. டெங்கு வைரஸ், மலேரியா ஒருசெல் ஒட்டுண்ணி, யானைக்கால் புழு. மூன்றையும் ஒன்றாக்குவது மருந்து எழுதுபவருக்குத் தவறு. ஆனால் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லி வீடு வீடாக வருகிறவருக்கு அதுதான் சரியான வகைப்பாடு.

ஒரு கிருமி, ஒரு நோய் என்று கோடு போட்டுப் பொருத்துவது தேர்வுத்தாளுக்கு மட்டுமே உதவும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் தொண்டைப் புண்ணாகவும் வரும், தோல் கொப்புளமாகவும் வரும், தொண்டைப் புண் ஆறிய பிறகு இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் வழிவிடும். டிஃப்தீரியா பாக்டீரியாவோ, ஒரு குறிப்பிட்ட வைரஸ் அதற்குள் புகுந்து நஞ்சுக்கான மரபணுவைத் தந்திருந்தால்தான் அந்த நஞ்சைச் சுரக்கும். பழைய புத்தகங்களையும் கவனியுங்கள்: நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் நீண்ட காலம் புரோட்டோசோவா (ஒருசெல் ஒட்டுண்ணி) பட்டியலில் இருந்தது; 1988இல் அதன் ஆர்.என்.ஏ.வைப் படித்த பிறகு பூஞ்சைக்கு மாறியது.

மதுரைப் பாதத்துக்கு வருவோம். மணி கறுப்பாக இருந்தால் பூஞ்சை, சிவப்பாக இருந்தால் பாக்டீரியா. வெள்ளையாக இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அப்போது ஒரு மணியைக் கழுவி, இரண்டு ஸ்லைடுக்கு நடுவே நசுக்கிச் சாயமிட்டுப் பார்க்க வேண்டும். இழை ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மெலிந்திருந்தால் பாக்டீரியா. அதைவிட இரண்டு மூன்று மடங்கு பருத்து, குறுக்குச் சுவரோடு தெரிந்தால் பூஞ்சை.