விமான நேரத்துக்கு ஒரு மனக்கணக்கு
வான்வழித் தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டினால், விமானம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிந்துவிடும். சென்னை–டெல்லி சுமார் 1,760 கி.மீ. வகுத்தால் 2.2 மணி, அரை மணி சேர்த்தால் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ., நாலு மணிக்குச் சற்று மேல். டிக்கெட் நேரத்தை அப்படியே கழித்தால் ஏமாந்துபோவீர்கள், அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது.

ஜெட் விமானம் உயரே 800 கி.மீ. வேகத்துக்கு மேல் பறந்தாலும், மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், அப்புறம் ஏறி இறங்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். அந்த அரை மணி அதற்கு.

சாலைத் தூரத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். புரொப்பல்லர் வைத்த ஏடிஆர் விமானத்துக்கு இது சரிவராது, 500-ஆல் வகுங்கள். லண்டன் மாதிரி மேற்கே நெடுந்தூரம் போகும்போது எதிர்காற்றால் நேரம் கூடலாம்.