விரிசல் விழுந்த முன்கண்ணாடியை மாற்றும்போது

கண்ணாடி மூலையிலுள்ள முத்திரையை முதலில் பாருங்கள்; லேமினேட்டட் வகையாகத்தான் (இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது) இருக்க வேண்டும். கேமரா, மழை சென்சார் உள்ள வண்டிகளில் அவற்றைப் பிடிக்கும் பிராக்கெட் பழைய கண்ணாடியில் இருந்த அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வண்டி நிறுவனம் தராத, வெளி நிறுவனக் கண்ணாடிகளில் அதிகம் பிசகுவது இதுதான். கேமராவை மறுபடி காலிபிரேட் செய்யவும் (சரியாகப் பார்க்கும்படி அமைக்கவும்) சொல்லுங்கள்.

பழைய யூரித்தேன் பசையை முழுக்கச் சுரண்ட விடாதீர்கள். 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு விட்டால் புதுப்பசை அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். கத்தி பட்டு பெயிண்ட் உரிந்த இடத்தில் பிரைமர் தடவாவிட்டால் துருவேறி, அடைமழையில் தண்ணீர் கசியும். புதுப்பசையை முக்கோண வடிவில், எங்கும் அறுபடாமல் இழுக்க வேண்டும்.

பசை இறுக டியூபில் போட்டிருக்கும் நேரம்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஒரு ஜன்னலைச் சற்று இறக்கி வையுங்கள். கதவை அறைந்து சாத்தினால் உள்காற்று பசையைத் தள்ளிவிடும்.

டின்ட் ஒட்டினாலும் முன்கண்ணாடி வழியே குறைந்தது 70 விழுக்காடு ஒளி வரவேண்டும் என்பது சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி.